மருந்து வேண்டாம் என்றார் டாக்டர்

எங்கள் ஊர் ஸ்ஃபாக்ஸில் டாக்டர்கள் நோயாளியிடம் அதிகம் பேசுவதில்லை. கூட வந்தவரிடம்தான் பேசுவார்கள். அன்று என் மகள் உல்ஃபா கல்யாணமாகி மார்செய் போவதற்கான விசா வரிசையில் நின்றிருந்தாள். அதனால் டாக்டர் ஹெந்த் என்னிடமே சொன்னார்.

என் மார்பிலிருந்து எடுத்த கட்டி அபூர்வமான வகையாம். கட்டியை வகை பிரிக்கும் வழக்கமான மூன்று சோதனைகளிலும் ஒன்றும் தெரியவில்லை. பொதுவாக அது கெட்ட செய்தி. ஆனால் கட்டியின் மரபணுவில் இரண்டு துண்டுகள் இடம் மாறி ஒட்டியிருந்தன.

"இந்த அடையாளம் இருந்தா நல்லது, ஹஜ்ஜா. கட்டிய எடுத்தாச்சு, போதும். மருந்து ஏத்த வேண்டாம். இது பிள்ளைங்களுக்கும் வராது. பேரன் கல்யாணத்துல ஆடுவீங்க."

வீட்டுக்கு வந்து, "மருந்து வேண்டாம்னு சொல்லிட்டாங்க" என்றேன். அவ்வளவுதான். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

நாத்தனார் ராதியா, டாக்டர் கைவிட்டுவிட்டார் என்று நினைத்து, கரண்டியை வைத்துவிட்டு அழுதாள். எங்கள் வீட்டில் அந்த நோயின் பெயரைக்கூடச் சொல்வதில்லை. யாரும் மேலே கேட்கவில்லை. உல்ஃபா என் காலடியில் உட்கார்ந்து, "நான் எங்கயும் போகலம்மா" என்றாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மார்செயில் வாடகையும் அதிகம், குளிரும் அதிகம்.

அவளுக்கு நிச்சயித்த முந்திர் மார்செயிலிருந்து இரண்டு கோடை வந்து பார்த்தான். "என்னைவிட திடமா இருக்கீங்களே, அத்தை."

"வாய மூடுடா, கண்ணு பட்டுடப் போகுது" என்று ராதியா அதட்டினாள்.

மூன்றாம் கோடை அவன் வரவில்லை. வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டான். அவன் குணம் அவ்வளவுதான் என்று உல்ஃபாவைத் தேற்றினேன்.

பிறகு அவள் கண்ணாடி முன் தன் மார்பை அமுக்கிப் பார்க்கத் தொடங்கினாள். ரத்தப் பரிசோதனையில் எதுவும் இல்லை என்றபோதும் நம்பவில்லை. "உனக்கு வந்தது எனக்கும் வரும்மா. பயந்து பயந்து இருக்க முடியல. ரெண்டையும் எடுத்துடறேன்."

தனியார் மருத்துவமனையில், அம்மாவுக்கு எந்த வகை என்று அறுவை மருத்துவர் கேட்டார். உல்ஃபா என்னைப் பார்த்தாள்.

"மூணு சோதனையிலயும் ஒண்ணும் தெரியல" என்றேன். அதுவும் உண்மைதான்.

இப்போது அவள் அறுவை அறைக்குள் இருக்கிறாள். காலையில் டாக்ஸியில் வரும்போது சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் என் தோளில் சாய்ந்து, பல மாதங்களுக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

சில வாரம் கையைத் தூக்க முடியாதாம். தலை சீவிவிட வேண்டும், சட்டை மாட்டிவிட வேண்டும். அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? நல்லவேளை, பார்த்துக்கொள்ள நான் இருக்கிறேன்.