பெருநாள் ஈரல்

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த மறுவாரம், கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். இளையவள்தான் மூத்தவளிடம் முதலில் சொன்னாள்.

“மகள் காலையில பால் ஊத்தாத பிளேன்டி நிறத்துல மூத்திரம் பெய்தா ராத்தா, அல்ஹம்துலில்லாஹ்!”

“பின்ன? பெருநாளுக்கு நான் அனுப்பின ஈரல் வேலை செய்திரிக்கி. வெளுத்துக் கிடந்த புள்ளைக்கு ரெத்தம் ஊறிட்டு!”

“ரெத்தமில்ல ராத்தா, இரும்பு. மாசாமாசம் ரெத்தம் ஏத்துற புள்ளதானே, அந்த இரும்பெல்லாம் உடம்புல தேங்கி நெஞ்சையே நிப்பாட்டிப்போடுமாம். அத வெளிய எடுக்கத்தான் இப்ப ஊசி போடுறாங்க. சிவப்பாப் போனா மருந்து கேக்குதெண்டு டொக்டர் சொன்னாரு.”

“அப்ப ஈரல்?”

“அத அவள்ர கண்ணுலயும் காட்ட வேணாமாம். அதுலதான் இரும்பு கூடவாம்.”

பஸ் சாய்ந்தமருதைக் கடந்தது. ராத்தா இளையவள் பக்கம் திரும்பினாள்.

“அப்ப அந்த ஈரல ஆருகா திண்ட?”

“மகள்ர வாப்பாதான்.”

“அல்லாஹ்வே! எங்கட மனிசன் ஒரு துண்டு தாவெண்டு கேட்டு நிண்டாரு. நோயாளிப் புள்ளைட பங்கு எண்டு நான் தொடவும் விடல்ல. இது அவர்ர காதுக்குப் போகப்படாது, விளங்கிச்சா?”

“மகள்ர வாப்பா வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிய உங்கட மனிசனப் பள்ளியில கண்டு, ஈரல் நல்ல ருசியெண்டு சொல்லிட்டாரே ராத்தா.”

“அதுதான் வெள்ளிக்கிழமையில இருந்து அந்த மனிசன் என்னோட கதைக்காமக் கிடக்காரா!”