இரண்டு முழம் அதிகமாக வெட்டிய கிணறு

"குனி! தலையக் குனிடா!"

டப். குண்டு சுவரில் பாய்கிறது. மண் பொலபொலவென்று உதிர்கிறது. ஒன்பது வரை எண்ணுகிறேன். மறுபடியும் டப். 1920, ஆடி மாதம். மெசபட்டோமியா பாலைவனம். மண்சுவர்க் காவல் சாவடிக்குள் அகப்பட்டு இது மூன்றாம் நாள். சுற்றிலும் வெள்ளைக்காரனை எதிர்த்து எழுந்த அரபுக் கலகக்காரர்கள். உள்ளே இருபத்தாறு பேர். ஒரே கிணறு. வெளியே போக வழியில்லை.

நான் மாடசாமி. கிணறு வெட்டுகிறவன். ரங்கூனிலிருந்து பட்டாளத்துக் கூலிப்படையில் போனேன். ஆறு வருஷம் கழித்து, ரங்கூன் போட்டாதாங்கில் என் அக்காள் வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அவள் புருஷன் சின்னையாவைக் கூட்டிப் போனவன் நான்தான். பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவருவேன் என்று கப்பலடியில் சத்தியம் செய்தேன்.

எங்களோடு கோ தின் இருந்தார். மேல் பர்மாவின் வறண்ட சீமைக்காரர். போட்டாதாங் துறையில் மூட்டை தூக்கித் தமிழ் பழகியவர். சாவடிக் கிணறு அவர் பொறுப்பு. கிணற்றுக்குள் வாளி இறக்க விடமாட்டார். இறங்கி, குவளையால் மேலாக மொண்டு டின்னில் ஊற்றுவார். ஊறும்வரை காத்திருப்பார். மறுபடி மொள்வார். இந்த மண்ணில் நல்ல தண்ணீர் மேலே மெல்லிசாகத்தான் நிற்கும், அடியில் உப்பு என்றார். நாளுக்கு நாலு டின். ஆளுக்கு ஏழெட்டுக் குவளை. தாகம் அடங்காது. ஆனால் உயிர் நிற்கும்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ரங்கூனுக்கு வடக்கே மாவ்பி பக்கம் எத்தனை கிணறு வெட்டியிருக்கிறேன்! அங்கே மேல்தண்ணீர் செம்மண் கலங்கல். ஆழம் போனால் பளிங்கு. மூட்டை தூக்குகிறவர் எனக்குத் தொழில் சொல்வதா? அவ்வளவு மண்டைக்கனம்.

நாலாம் நாள் சின்னையாவின் தொடையில் குண்டு பட்டது. காய்ச்சல். உதடு வெடித்துவிட்டது.

"தண்ணி, மாப்ளே. இன்னுங் கொஞ்சம்."

என் பங்கைக் கொடுத்தேன். போதவில்லை. ஐந்தாம் நாள் விடிந்ததும் கடப்பாரையோடு இறங்கினேன். அடியில் களிமண். கெட்டி. ணங். ணங். மேலிருந்து கோ தின் கத்துகிறார்.

"வெட்டாதே, மாடசாமி! கீழே உப்பு! ஏறி வா!"

"நீங்க சும்மா இருங்க, கோ தின்!"

இரண்டு முழம் வெட்டினேன். களிமண் உடைந்தது. குபுகுபுவென்று சத்தம். தண்ணீர் முழங்காலுக்கு ஏறியது. மேலே ஆரவாரம். அள்ளி வாயில் வைத்தேன்.

உப்பு. அடியில் ஒரு கசப்பு.

ஊற்றை அடைக்கக் களிமண்ணைத் திரும்பக் கொட்டி மிதித்தேன். இறைத்தோம். மதியம்வரை இறைத்தோம். மேல்தண்ணீரும் உப்பாகிவிட்டது. வேறு தண்ணீர் கிடையாது. அதையே குடித்தார்கள். குடித்தவர்களுக்கு வயிறு போனது. தாகம் இரட்டித்தது. சின்னையா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

எட்டாம் நாள் சாயங்காலம் அவர் போனார். ஒன்பதாம் நாள் காலை பட்டாளம் வந்து எங்களை மீட்டது. அதோடு தண்ணீர் வண்டிகளும் வந்தன.

ரங்கூனுக்கு வந்த காகிதத்தில் செத்தவர் எல்லாரும் குண்டடி பட்டுச் செத்ததாக எழுதியிருந்தது. அக்காள் அதை நம்பினாள். நம்பவிட்டேன். கோ தின்னும் வாய் திறக்கவில்லை. அந்தக் காகிதம் தப்பு. அக்காளுக்குப் படிக்கத் தெரியாது. எழுதி முடித்ததும் இதை நானே வாசித்துக் காட்டப்போகிறேன்.

உள்ளே இருந்தவர்கள் இருபத்தாறு பேர். உயிரோடு வந்தவர்கள் பதின்மூன்று. குண்டில் செத்தவர்கள் ஐந்து. என் கடப்பாரையால் செத்தவர்கள் எட்டு. அந்த எட்டில் ஒருவர் உன் புருஷன், அக்கா.