முட்டைப் பெட்டியின் ஹீட்டருக்கு ஒரு குறையும் இல்லை

முதலில் டீயைக் குடியுங்கள் மாப்பிள்ளை, ஆறிவிடும். சூடு விஷயத்தில் நான் கொஞ்சம் கவனமானவன்.

உங்கள் மனைவி, அதாவது என் தங்கை, முட்டை பொரிக்கும் பெட்டியை என் அறையில் வைத்தாள். நீங்கள் லாரியோடு போய்விட்டீர்கள். அவளுக்குத் தையல் ஆலையில் வேலை. கால் உடைந்து வீட்டோடு கிடந்தவன் நான் ஒருவன்தான். அதோடு, வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து எழுதுகிறவன். பார்க்கவும் எழுதவும் என்னை விட்டால் யார்?

"ஹீட்டர் ஒழுங்கா வேலை செய்யுதான்னு பாத்துக்கோண்ணா. இந்த நூறு முட்டையும் பொரிஞ்சுட்டா ஆலைக்கு ஒரு கும்பிடு போட்டுடுவேன்" என்றாள். பாவம், பதினோரு வருடமாகக் கழுத்து வலி.

பெட்டிக்குள் சூடு குறைந்தால் தெர்மோஸ்டாட் ஹீட்டரைப் போடும், வெளியே சிவப்பு விளக்கு எரியும். சூடு சேர்ந்ததும் இரண்டும் அணையும். இங்கேதான் எனக்குச் சந்தேகம். விளக்கு அணைந்திருந்தால், சூடு போதும் என்று அணைந்ததா, ஹீட்டரே மண்டையைப் போட்டுவிட்டதா? உள்ளே வெப்பமானி இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. அது சூட்டைக் காட்டும்; ஹீட்டரின் மனசைக் காட்டாது. ஆகவே கதவைத் திறந்து, குளிர்ந்த காற்றை உள்ளே விட்டுப் பார்த்தேன். விளக்கு எரிந்தது. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அரை மணிக்கு ஒரு தடவை அப்படிப் பார்த்தேன். விளக்கு உடனே எரியாவிட்டால், எரியும்வரை விசிறியால் வீசுவேன். நோட்டில் தேதி, நேரம், விளக்கு எரிந்ததா என்று மூன்று பத்தி. ஓர் அடித்தல் திருத்தல் காட்ட முடியாது. கீழ்வீட்டு நர்ஸம்மா ஒருநாள் எட்டிப் பார்த்து, "முட்டைக்குச் சளி பிடிச்சுடப் போகுதுங்க" என்றார். அவர் படித்தது மனிதர்களுக்கான வைத்தியம். நான் பெரிதுபடுத்தவில்லை.

பத்தாம் நாள் ஒரு முட்டையை டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். குஞ்சு உருவாகியிருந்தால் உள்ளே நரம்பு ஓடியிருக்க வேண்டுமாம். ஓடவில்லை. நூறையும் எடுத்துப் பார்த்தேன்; ஒன்றிலும் ஓடவில்லை. பார்த்து முடிக்கும்வரை கதவு திறந்தே கிடந்தது. விளக்கு அற்புதமாக எரிந்தது. முட்டைக்கென்று நோட்டில் பத்தி போடாததால் எதுவும் எழுதவில்லை. மீதி நாட்களும் விடாமல் கண்காணித்தேன். பாதியில் விட்டால் ஹீட்டர் மேல் பழி வந்துவிடும் அல்லவா?

இருபதாம் நாள் ஆலையிலிருந்து போன் செய்தாள். "பொரியப் போற முட்டைக்குள்ள சத்தம் கேக்குமாம்ணா. கேக்குதா?"

பெட்டியில் காதை வைத்தேன். "டிக் டிக்குன்னு கேக்குதும்மா."

அவள் அழுதேவிட்டாள், சந்தோஷத்தில். அன்றைக்கே வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

நான் பொய் சொன்னதாக உங்களிடம் சொல்லியிருப்பாள். சத்தம் கேட்டது சத்தியமான உண்மை. அது தெர்மோஸ்டாட் போட்டு அணைக்கிற சத்தம் என்று அப்போதே எனக்குத் தெரியும். ஆனால் அவள் அவ்வளவு சந்தோஷமாகப் பேசி நான் கேட்டதே இல்லை மாப்பிள்ளை. அதைக் கெடுக்க நான் என்ன பாவியா?