படிவத்தில் எழுதாத வள்ளம்

எல்லோரும் சுகமாக இருக்கிறீர்களா? எனக்குப் பெரிய குறையில்லை. கண்டக்குழியில் கச்சான் காற்று இன்னும் ஓயவில்லை. தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினால் அதற்குள் மணல். முழங்கால் கொஞ்சம் வலிக்கிறது. மற்றபடி சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், ஃபோனில் ஒரு விரலால் தட்டி எழுதவும் பழகிவிட்டேன்.

எனக்குப் படிவம் நிரப்பப் பிடிக்கும். சிலருக்குப் பூக்கன்று, சிலருக்குக் கோழி, எனக்குப் படிவம். உப தபாலகத்தில் இருபத்தாறு வருடம் வேலை செய்தேன். பென்சனுக்கு வந்த பிறகும் ஊர்ப் பிள்ளைகள் என் சாப்பாட்டு மேசையைத் தேடி வந்தார்கள். பல்கலைக்கழகத்துக்கு எடுபட்ட பிள்ளைக்கு மகாபொல புலமைப்பரிசில். அது கிடைக்காவிட்டால் பல்கலைக்கழகம் மாதாமாதம் கொடுக்கிற உதவிப்பணம், அதை நாங்கள் பர்சரி என்போம். அதுவும் போதாவிட்டால் வங்கியில் படிப்புக் கடன். ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம், கிராம அலுவலரின், அதாவது ஜீ.எஸ்.இன், வருமானச் சான்று, பிரதேச செயலகத்தின் முத்திரை. எந்த இடத்தில் கோடு போட வேண்டும், எந்த இடத்தை வெறுமையாக விட்டால் திருப்பி அனுப்புவார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஒரு சதமும் வாங்கியதில்லை. முதல் பணம் வங்கியில் விழுந்ததும் பிள்ளைகள் ஒரு கேக் பெட்டியோடு வந்து, "யூஜீனியா மாமி, வந்திட்டு" என்று சொல்வார்கள். எனக்கு அது போதும்.

நிலானி எங்கள் வேலிக்கு அடுத்த வீட்டு யோசேப்பின் மகள். இரண்டு வருடங்களுக்கு முன் அவள் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டாள். செய்தி வந்த அன்றே மேசையைத் துடைத்து வைத்தேன். புதுப் பேனையும் வாங்கினேன். அவள் பத்து நாள் கழித்து, கையில் ஃபோனோடு வந்தாள்.

"மாமி, நான் எல்லாத்தையும் நானே நிரப்பி அனுப்பிட்டன். உங்களுக்குக் கரைச்சல் தரத் தேவல்லதானே."

"ஜீ.எஸ்.இன்ட கையெழுத்து?"

"அதும் வாங்கிட்டன். இப்ப எல்லாம் லேசு மாமி. ஆரும் பக்கத்தில இருந்து எழுதித் தரத் தேவல்ல."

"அதுவும் நல்லம்தான்" என்றேன். உண்மையிலேயே நல்லதுதான்.

அடுத்த வருடம் எடுபட்ட இரண்டு பிள்ளைகளும் அவளிடம் போனார்கள். லீவில் வந்திருந்த அவள் வாசலில் பாயைப் போட்டு உட்கார்ந்து அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தாள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அதில் ஒரு பிள்ளை சொன்னாள்: "மாமியிட்டப் போனா முதல்ல பிளேன்ரீ குடிக்கணும், பிறகு கதை கேக்கணும். போம் தொடங்கவே பொழுது போயிரும்." எல்லோரும் சிரித்தார்கள். நிலானியும் சிரித்தாள். எனக்குக் கோபம் வரவில்லை. கதை கேட்க வைத்தது உண்மை.

அந்த லீவில்தான் அவள், தனக்குப் பர்சரி வாங்கிக் கொடுத்த படிவத்தை ஃபோனில் எனக்குக் காட்டினாள். சொத்து என்ற இடத்தில் ஒரு வள்ளம் என்று இருந்தது. யோசேப்பின் பேரில் இரண்டு வள்ளங்கள் உண்டு. இரண்டாவது அவன் மச்சானுடையது. மச்சான் இத்தாலிக்குப் போகும்போது பதிவை யோசேப்பின் பேருக்கு மாற்றிவிட்டுப் போனார். அந்தப் பதிவுக் கடிதம் என் கையால்தான் அந்த வீட்டுக்குப் போனது. இஞ்சின் இல்லாத அந்த வள்ளம் கோயிலுக்குப் பின்னால் கவிழ்ந்து கிடக்கிறது. அடியில் கோழி அடைகாக்கும். அதனால் எவருக்கும் ஒரு வருமானமும் இல்லை. ஆனால் படிவத்தில் அதை எழுதி, காரணத்தைச் சொல்லி ஒரு கடிதத்தையும் இணைக்க வேண்டும். நான் நிரப்பியிருந்தால் இணைத்திருப்பேன். அவளிடம் அதைச் சொல்லவில்லை. அவள் கேட்கவில்லை.

இந்த வருடம் ஜனவரியில் கண் காட்டப் புத்தளம் போனேன். அங்கேயே ஒரு கடிதத்தைப் பெட்டியில் போட்டேன். எங்கள் ஊர்த் தபாலகத்தில் போட்டால் எங்கள் ஊர் முத்திரை விழும்.

பெட்டிசம் என்றால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பெயர் போடாமல் மேலிடத்துக்கு எழுதுகிற முறைப்பாடு. தபாலகத்தில் இருந்த காலத்தில், உறையைத் தொட்டதுமே எனக்குப் பெட்டிசம் எது என்று விளங்கிவிடும். பல்கலைக்கழகத்துக்கு நான் எழுதியது அரைப் பக்கம்தான். தகப்பனுக்கு இரண்டு வள்ளங்கள் இருப்பதையும் ஒன்றை மறைத்ததையும் எழுதினேன். பதிவு இலக்கத்தையும் கொடுத்தேன். அவன் டொல்பின் பார்க்க வெள்ளைக்காரர்களைக் கூட்டிப்போய் உழைக்கிறான் என்று ஒரு வரி சேர்த்தேன். ஒரு தரம் போனான், லொட்ஜ்காரனுடைய வள்ளம் பழுதான அன்று. கடைசியில் "ஊரின் நலன்விரும்பி" என்று முடித்தேன். வழக்கமாக அப்படித்தான் முடிப்பார்கள். எனக்கு அது பொருத்தமாகவும் இருந்தது.

நான் கெடுதல் நினைக்கவில்லை. அன்றைக்கே, அதே பேனையால், அவளுக்காக மேன்முறையீட்டையும் எழுதி அலுமாரியில் வைத்துவிட்டேன். இரண்டாவது வள்ளத்தின் கதை முழுவதும் அதில் இருந்தது, அருமையாக எழுதியிருந்தேன். பர்சரி நிற்கும், அவள் என் மேசைக்கு வருவாள், நான் அதை எடுத்துக் கொடுப்பேன். இரண்டு கிழமையில் எல்லாம் சரிவரும். அவ்வளவுதான் என் கணக்கு.

மார்ச்சில் விசாரணை முடியும்வரை என்று சொல்லிப் பர்சரியை நிறுத்தினார்கள். நிலானி வரவில்லை. விடுதியில் இருந்தபடியே விளக்கம் எழுதி அனுப்பினாள். அது போதாது, சத்தியக் கடதாசி வேண்டும் என்றார்கள். அதையும் அவளே தேடினாள். ஒரு நாள் அவளுடைய தாய் பாக்கியம்மா மட்டும் வந்தாள்.

"அக்கா, பிள்ளையின்ட பர்சரிய நிப்பாட்டிப் போட்டாங்க. ஆரோ பெட்டிசம் போட்டிருக்கு."

"ஆரெண்டு தெரியுமா?"

"ஆரெண்டாலும் அந்தக் கை..." என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள். "வேணாம். தபசு காலத்தில வாயால பாவம் தேடக் கூடாது. பேங்க்ல லோன் எடுக்கலாமாம் அக்கா. பென்சன் எடுக்கிற ஒராள் பிணைக்குக் கையெழுத்து வெக்கணுமாம். உங்கள விட்டா எங்களுக்கு ஆர் இருக்கு?"

"நிலானிய வரச் சொல்லு. அவள் வாயால கேக்கட்டும். அந்த நிமிசமே வெச்சுத் தாறன்."

"அவளுக்குச் சோதனை நடக்குது அக்கா. வந்து போக ரெண்டு நாள் வேணும்."

"அப்ப சோதனை முடியட்டும். என்ன அவசரம்?"

அவள் கொண்டுவந்த கடதாசியை மடித்துச் சேலைக்குள் வைத்துக்கொண்டு போனாள். பேனை மேசையில்தான் இருந்தது.

சோதனை முடிய மூன்று கிழமை இருந்தது. அதற்குள் நிலானி விடுதியில் பகலில் மட்டும் சாப்பிடுகிறாள் என்ற கதை வேறொரு பிள்ளை மூலம் யோசேப்பின் காதுக்கு வந்தது. அவன் வலைக்காரன். இளம் வயதில் சங்குக்கு முங்கியிருக்கிறான், அதோடு சரி. ஏப்ரல் தொடக்கத்தில், கல்பிட்டி றஸீனுடைய வள்ளத்தில் கடலட்டைக்கு முங்கப் போவதாக வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னான்.

"உனக்கு வயசென்ன யோசேப்பு?"

"கடலுக்கு என்ட வயசு தெரியாதுதானே அக்கா." சிரித்தான். "ரெண்டு கிழமைதான். கச்சான் பிடிக்க முதல் பிள்ளைக்கு ஒரு தொகை அனுப்பினாச் சரி."

நான் மனதுக்குள் எண்ணினேன். சோதனை முடிய இன்னும் ஒன்பது நாள். ஒன்பது நாள் பொறுக்கலாம் என்று நினைத்தேன். அவனிடம் "கவனமாப் போ" என்றேன்.

ஆறாம் நாள் நான்காவது காற்றுச் சிலிண்டரோடு இறங்கினான். போதும் என்று றஸீன் தடுத்தாராம், இவன் கேட்கவில்லையாம். ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்திருக்கிறான், அப்படி வந்தால் இரத்தத்தில் காற்றுக் குமிழி கட்டி நரம்பைக் கெடுக்குமாம். கரைக்குத் தூக்கி வரும்போது கால்கள் இரண்டும் செத்துப்போயிருந்தன. புத்தளம் ஆஸ்பத்திரி, பிறகு கொழும்பு. இடுப்புக்குக் கீழே இனி இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்.

அன்று அந்தப் பெட்டிசத்தைத் திரும்பப் பெற முடியுமா என்று யோசித்தேன். முடியாது. பெயரில்லாமல் கொடுத்ததைத் திரும்பக் கேட்கப் பெயர் வேண்டும். பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். ஒரு கடிதத்தில் ஒரு வரி கூட்டி எழுதினேன் என்று சொன்னேன். சுவாமி மூன்று அருள்நிறை மரியே சொல்லச் சொன்னார். ஐந்து சொன்னேன்.

நிலானி கடைசிப் பாடங்களின் சோதனையை விட்டுவிட்டு வந்தாள். தகப்பனை வீட்டுக்குக் கொண்டுவந்த ஆறாம் நாள், வேலியைச் சுற்றி வந்து என் மேசைக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தலை சீவியிருக்கவில்லை.

"மாமி, எனக்கு ஒண்டும் விளங்கல்ல. நீங்களே எழுதுங்க."

பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தேன். முழுவதும் குடித்தாள். அலுமாரியைத் திறந்து அந்தத் தாளை எடுத்தேன்.

"இத எப்ப எழுதினீங்க மாமி?"

"உனக்கெண்டா நான் எப்பவும் ஆயத்தம்தானே மகள்" என்றேன். ஜனவரித் தேதி இருந்த இடத்தில் பெருவிரலை வைத்துக்கொண்டேன். பிறகு அவளை முகம் கழுவி வரச் சொல்லிவிட்டுப் புதுத் தாளில் திருத்தி எழுதினேன். திருத்த வேண்டி இருந்தது ஓரிடம்தான். தகப்பனின் தொழில் என்ற இடத்தில் மீன்பிடி என்று இருந்தது. இல்லை என்று எழுதினேன்.

போன மாதம் பர்சரி திரும்ப வந்தது, நிலுவையோடு. நிலானி கேக் பெட்டியோடு வந்து, "மாமி, வந்திட்டு" என்றாள். சோதனையை அடுத்த வருடம் எழுதலாம் என்று சொல்லியிருக்கிறேன். தகப்பனைத் தூக்கி இருத்த ஆள் வேண்டும், பாக்கியம்மாவால் தனியே முடியாது. அதனால் இப்போதைக்கு அவள் இங்கேதான் இருக்கிறாள். பின்னேரங்களில் என் மேசைக்கு வருவாள். அதிகம் பேசமாட்டாள், நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். யோசேப்பைக் கதிரையில் வைத்து வாசலுக்குக் கொண்டுவருவார்கள். அங்கிருந்து பார்த்தால் கோயிலுக்குப் பின்னால் அவன் பேரிலுள்ள இரண்டு வள்ளங்களும் பக்கத்துப் பக்கத்தில் கவிழ்ந்து கிடப்பது தெரியும்.

இனி அந்த வீட்டின்மேல் எவராலும் பெட்டிசம் போட முடியாது. யோசித்துப் பார்த்தால் அந்தப் பிள்ளையின் பர்சரியை உறுதிப்படுத்திக் கொடுத்தது நான்தான்.

உங்களிடமும் இப்படி ஒருவருடைய நன்மைக்காக எழுதிப் போட்ட கடிதம் ஒன்று இருக்கும். இருந்தால் எனக்கும் எழுதுங்கள், ஆறுதலாக இருந்து வாசிப்பேன். பெயர் போட வேண்டியதில்லை.