மூன்று நிமிட ஓட்ஸ்

பால் ஓட்ஸ் செய்கிறவர்கள் பெரும்பாலும் ஒரு தவறு செய்கிறார்கள், சேர். கிண்ணத்தைச் சின்னதாக எடுத்துவிடுகிறார்கள். மைக்ரோவேவில் பால் சட்டென்று பொங்கும், வழிந்து உள்ளே இருக்கும் கண்ணாடித் தட்டெல்லாம் பிசுபிசுத்துப் போகும். கிண்ணத்தில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. ஒன்றரை நிமிடம் வைத்து, எடுத்துக் கிளறி, மறுபடி ஒன்றரை நிமிடம். பழத்தை எப்போதும் கடைசியில்தான் போட வேண்டும்.

இதையெல்லாம் குவைத்தில் கற்றுக்கொண்டேன். நான் வேலை செய்த வீட்டு மேடத்தின் தாயாரை அங்கே பார்த்துக்கொண்டது நான்தான். அந்த அம்மையார் வேறு யார் கொடுத்தாலும் வாயைத் திறக்க மாட்டார். நான் கெட்டவளாக இருந்தால் அத்தனை வருடம் அந்த வீட்டில் வைத்திருப்பார்களா என்பதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

என் பெயர் நாகலெட்சுமி. செத்துப்போன பரிமளம் என் கூடப்பிறந்த அக்கா. வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருக்கும் தனுஜா நான் பெற்ற பிள்ளை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பாதிப் பேர் அவளை அக்காவின் மகள் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவளுடைய அப்பா மண்சரிவில் போனபோது தனுஜாவுக்கு நடை வரவில்லை. அக்காவுக்குப் பிள்ளை கிடையாது, புருஷனும் தங்கவில்லை. "நீ போயிட்டு வாடி, நான் பாத்துக்கிறேன்" என்றாள். சொன்னபடி பார்த்துக்கொண்டாள், அதில் நான் குறை சொல்ல மாட்டேன். தனுஜாவைப் பிள்ளைக் காம்பராவில் ஆயாவிடம் விட்டுவிட்டுக் கொழுந்தெடுக்க மலைக்குப் போவாள், மத்தியானம் கூடையோடு ஓடி வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவாளாம். தான் தேய்ந்தாலும் பிள்ளையை நன்றாகப் படிக்க வைத்தாள்.

நான் ஒரேயடியாகத் திரும்பி வந்த அன்று தனுஜா வாசலுக்கு வந்து, "வாங்க, பயணமெல்லாம் நல்லா இருந்துச்சுங்களா?" என்று கேட்டாள். பெற்ற மகள், சேர். அதே வாயால் உள்ளே திரும்பி, "அம்மா, நீ இன்னும் மாத்திர போடலியா? எத்தன தடவ சொல்றது ஒனக்கு?" என்று அக்காவை அதட்டினாள். என்னை அவள் ஒருநாளும் அதட்டவில்லை. கேளுங்க, இந்தாங்க, சாப்பிடுங்க, அவ்வளவுதான். சித்தி என்றுகூட ஒரு முறைப்பெயர் இல்லாமல். உறவும் இல்லாமல்.

ஹட்டனில் வீடு ஒன்று வாடகைக்குப் பார்த்து வைத்திருந்தேன். அவளுக்குத் தனி அறை, படிக்க மேசை. எங்கூட வந்து இரு என்று கேட்டேன். "அம்மாவுக்கு ஒடம்பு இப்புடி இருக்கையில எப்புடிங்க வாறது? அவங்களுக்குச் சரியானதும் பாப்போம்" என்றாள். அக்காவுக்கு இரண்டு கிட்னியும் போயிருந்தது. வாரா வாரம் இரத்தம் சுத்தம் பண்ணப் பெரியாஸ்பத்திரிக்குப் போய் வருவாள். அது சரியாகிற வியாதி இல்லையே. நன்றாகவும் ஆகாமல், முடிந்தும் போகாமல் ஒருத்தி இருக்கும்வரை என் பிள்ளை அந்த லயத்து வரிசைவீட்டுக் காம்பராவில் அடைந்து கிடக்க வேண்டும். ஒரு தாய் யோசிக்காவிட்டால் இதை வேறு யார் யோசிப்பார்கள்?

நானும் அக்காவோடுதான் தங்கினேன். விடிகாலையில் எழுந்து ரொட்டி தட்டிக்கொண்டிருந்த தனுஜாவை அடுப்படியிலிருந்து எழுப்பிவிட்டு, நான் கொண்டுவந்த மைக்ரோவேவை வைத்தேன். அது வேலை முடிந்து சத்தம் போடும்போதெல்லாம் அக்கா சிரிப்பாள். "ஏண்டி நாகு, ஒம் பொட்டி காலப் பெரட்டுக்கு வேலக்கி ஆள் கூப்புடுறாப்புலல்ல கத்துது! கங்காணி தோத்தாரு போ." அவளுக்கு உடம்பு முடியாவிட்டாலும் வாய் குறையவில்லை.

ஒரு கிளினிக் நாளில் தனுஜாவுக்கு டியூஷன் வகுப்பு இருந்தது. அதனால் நான் கூடப் போனேன். அங்கே நர்ஸ் மிஸ் நல்ல பிள்ளை, பொறுமையாகச் சொன்னாள், ஆனால் சிங்களத்தில் சொன்னாள். அக்காவுக்குக் கடைத்தெருச் சிங்களம்தான் தெரியும். குவைத்தில் நான் இருந்த அறையில் மற்றவர்கள் எல்லாரும் சிங்களப் பெண்கள், எனக்கு ஒரு சொல்லும் தப்பாது. கிட்னி நோயாளி காமரங்காவை, நட்சத்திரப் பழம் என்பார்களே அதை, தொடவே கூடாது, அது மூளைக்கு ஏறும், ஆளே போய்விடும் என்றாள் மிஸ். இரண்டு தடவை சொன்னாள்.

வெளியே வந்ததும் அக்கா கேட்டாள். "காமரங்கா, காமரங்கான்னு என்னமோ சொன்னாங்களேடி?"

"ஆமாக்கா. தெனம் சாப்புடச் சொல்றாங்க. கிட்னிக்கு ரொம்ப நல்லதாம்."

யோசித்து வைத்துச் சொன்னதில்லை. வாயில் வந்தது. ஆனால் பஸ்ஸில் எங்கள் பொகவந்தலாவை வரைக்கும் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தேன், திருத்திச் சொல்ல நேரம் இருந்தது. சொல்லவில்லை. அக்கா என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தாள்.

பழத்தை நான் வாங்கவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அக்காதான் தனுஜாவிடம் சொன்னாள். தனுஜா பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பஜாரில் வாங்கி வந்தாள். கினிகத்தேனைப் பக்கத்திலிருந்து கொண்டுவருகிற நல்ல பழம். குறுக்கே வெட்டினால் நட்சத்திரம் நட்சத்திரமாக விழும். ஓட்ஸின் மேலே வைத்து ஒரு கரண்டி தேன் விட்டால் பார்க்கவே அழகாக இருக்கும். "வெள்ளைக்காரன் வூட்டுச் சாப்பாடு மாதிரியில்ல இருக்கு" என்று அக்கா மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

முதல் நாள் விக்கல் மட்டும் வந்தது. தண்ணீர் குடித்தும் நிற்கவில்லை. "எவளோ என்னய நெனச்சுக்கிட்டே இருக்கா" என்று சிரித்தாள். நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் கை நடுங்குகிறது என்றாள். அப்போதும் நிறுத்தியிருக்கலாம். நான் முதல் நாளைவிடக் கூடுதலாகப் பழம் வெட்டினேன். கரண்டியை அவளால் பிடிக்க முடியவில்லை என்பதால் தனுஜா பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டிவிட்டாள். "ஆ காட்டும்மா, ஒரே ஒரு வாய், மருந்துன்னு நெனச்சுக்க" என்று கெஞ்சிக் கெஞ்சி ஊட்டினாள். என் பிள்ளையின் குரலில் அப்படி ஒரு குழைவை நான் அதுவரை கேட்டதில்லை. அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அழுகை வந்தது எனக்கு.

பதினொரு மணிக்கெல்லாம் அக்காவுக்குப் பேச்சு குழறத் தொடங்கிவிட்டது. பக்கத்துக் காம்பரா ஜீவராஜ் அண்ணன் முச்சக்கரவண்டியை எடுத்தார், தனுஜா அவர் பக்கத்தில் ஒண்டிக்கொண்டாள். பின்னால் அக்காவின் தலை என் மடியில் இருந்தது. விக்கலுக்கு நடுவே திக்கித் திக்கிச் சொன்னாள். "நாகு, பிள்ளகிட்ட பேசிட்டேன்டி. பரீட்ச முடிஞ்சதும் ஒங்கூட வந்து இருக்கேன்னுட்டா. பெத்தவ மனசு நோகக் கூடாதுன்னு சொன்னேன், சரின்னுட்டா."

இதை அவள் முந்தின நாளே சொல்லியிருக்கலாம். அது அவளுடைய தப்பு. அதற்குப் பிறகு வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் என் கையை இறுகப் பிடித்திருந்தாள், அங்கே இருந்த ஊழியர்கள்தான் விரலைப் பிரித்து எடுத்தார்கள். அக்கா என்ன சாப்பிட்டார் என்று டாக்டர் கேட்டார். தனுஜா சொன்னாள். சாயங்காலம் அக்கா போய்விட்டாள்.

பழம்தான் காரணம் என்று டாக்டர் சொன்ன பிறகு, கிளினிக்கில் சொன்னதை அக்காதான் தப்பாக விளங்கிக்கொண்டாள் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். எனக்கு விளங்கியதா என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்படியே போயிருக்கும். ஆனால் தனுஜா, சேர். "டியூஷனுக்குப் போகாம நான் கூடப் போயிருந்தா வெளங்கியிருக்குமே. நாந்தான் வாங்குனேன், நாந்தான் ஊட்டுனேன்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். சாப்பாட்டைக் கையால் தொடுவதில்லை. இன்று காலை யாரிடமும் சொல்லாமல் தோட்டத்திலிருந்து இறங்கி இந்தப் பொலிஸ் ஸ்டேஷனுக்கு வந்து, அம்மாவைக் கொன்றது நான்தான், என்னைப் பிடியுங்கள் என்று உங்களிடம் நிற்கிறாள். எந்தத் தாய்க்குத் தாங்கும்?

அதனால் எழுதிக்கொள்ளுங்கள். மிஸ் சொன்னது எனக்கு நன்றாகவே விளங்கியது. மாற்றிச் சொன்னது நான். வெட்டிப் போட்டது நான். பரிமளத்தைக் கொன்றது நான், தெரிந்தே கொன்றேன். பிள்ளைக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை. நீங்களே வெளியே போய் அவளிடம் விளக்கமாகச் சொல்லிவிடுங்கள், நான் சொன்னால் அழுவாள்.

எழுதி முடித்துவிட்டீர்களென்றால் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கொஞ்சம் சீக்கிரம், சேர். பிள்ளை காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. வீட்டுக்குக் கூட்டிப்போய் ஏதாவது செய்து கொடுக்க வேண்டும், இனி அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்.