இல்லாத ஆட்டுக்குட்டிக்கு ஒரு மணி

கந்தர்வக்கோட்டை போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவர் திடீரென்று சொன்னார்:

“எங்க வீட்டுல இல்லாத ஆட்டுக்குட்டிக்கு அவுக சவுதியிலேருந்து மணி வாங்கியாந்தாக.”

“என்னக்கா சொல்றீங்க?”

“அப்பல்லாம் கடுதாசிக்குப் பதிலா கேசட்டுல பேசித்தானே அனுப்புவோம். ஒரு பக்கம் முடியறதுக்குள்ள வீட்டுச் சேதி தீந்துபோயிரும். மிச்சத்துக்கு ஒரு ஆட்டுக்குட்டி வளக்குறதா கதை விட்டேன். சுவரைத் தாண்டிருச்சு, சந்தைக்குப் போயிருச்சுன்னு.”

“வந்து பாத்துட்டு அண்ணன் கோவிச்சுக்கலையா?”

“விழுந்து விழுந்து சிரிச்சாக. கேசட்டையெல்லாம் பத்திரமா கொண்டாந்திருந்தாக. அவுக மவுத்தாகி அடக்கம் பண்ணதுக்கு அப்புறம் போன மாசந்தான் எடுத்துப் போட்டுக் கேட்டேன். அந்தக் குட்டி போன எடமெல்லாம் நான் போகணும்னு ஏங்குன எடம், தங்கச்சி. பேசுனப்ப எனக்கே அது தெரியல.”

“இப்ப எங்கிட்டுக்கா போறீங்க?”

“மூணாவது கேசட்டுல அது முந்திரிக்காட்டுக்குப் போச்சு. பூ பூத்திருக்காம். பாத்துட்டு வாரேன்.”

அவர் இறங்கும்போது, தோள்பையில் கட்டியிருந்த மணி ஒவ்வொரு படிக்கும் ஒலித்தது.