அந்த பெல் மட்டும் வேண்டாம்

வேண்டாம் மேடம், அந்த பெல் மட்டும் வேண்டாம். கையை எடுத்துடுங்க. மத்த எந்த பட்டனை வேணும்னாலும் அமுக்குங்க. அஞ்சு, ஆறு, கதவு திறக்கிற பட்டன், எதுவும் வேலை செய்யாது, ஆனா அமுக்குறதுல ஒரு ஆறுதல் இருக்கும். லிஃப்ட்டுல மாட்டிக்கிட்டவங்க எல்லாரும் அதைத்தான் செய்வாங்க. அந்த மஞ்சள் பட்டனை மட்டும் விட்டுடுங்க, தயவுசெஞ்சு.

இல்ல, புரியுது. உங்க இடத்துல நான் இருந்தா நானும் சந்தேகப்படுவேன். மூடின பெட்டி, முன்னப்பின்ன தெரியாத ஆம்பளை, அவன் வேற பெல் அடிக்காதேங்கிறான். நான் இந்த மூலையிலயே நிக்கிறேன், ஒரு அடி உங்க பக்கம் வரமாட்டேன். இதோ, சட்டையில கம்பெனி பேர் தைச்சிருக்கு பாருங்க. கீழ இருக்கிற பை என்னோடதுதான். ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர், எண்ணெய்த் துணி. லிஃப்ட் மெக்கானிக்தான் நான். ஆமா, லிஃப்ட்டு ரிப்பேர் பண்ண வந்தவனே உள்ள மாட்டிக்கிட்டான். சிரிங்க, பரவால்ல. நானும் சிரிச்சிருப்பேன், வேற நாளா இருந்தா.

விழாது மேடம். அதுல சந்தேகமே வேண்டாம். மேல நாலு இரும்புக் கயிறு இருக்கு, நம்ம ரெண்டு பேருக்கு ஒண்ணே தாராளம். மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல நிக்கிறோம். நாலாவது மாடியில கதவுப் பூட்டு சரியா ஒட்டலை. பூட்டு ஒட்டலைன்னா லிஃப்ட் தானா நின்னுடும், அப்படித்தான் செஞ்சு வெச்சிருக்காங்க. மேல மெஷின் ரூம்ல ஒரு ஆள் நின்னு, பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால சுத்தி நம்மளை இறக்கணும். அந்த ஆளு என்கூட வேலை செய்யற என் ஜோடி. ஒரு பார்ட் வாங்கக் கடைக்குப் போயிருக்கான். இப்ப போன்ல பேசினேனே, நீங்களும் கேட்டீங்களே, இருபது நிமிஷத்துல வர்றேன்னான். இருந்த ஒரு கோடு சிக்னலும் அதோட போயிடுச்சு.

எனக்கா? வேர்க்குது, ஆமா. புழுக்கம்தான். அந்த ஃபேனை நிறுத்தினது நான்தான், நீங்க ஏறுறதுக்கு முன்னாடி. அது சத்தம் போடுது. உங்களுக்குக் கேக்காது மேடம், யாருக்கும் கேக்காது. எனக்கு அது காதுக்குள்ள ட்ரில் போடுற மாதிரி.

நம்ப மாட்டீங்க. சரி, உங்க கைப்பைக்குள்ள ஒரு வாட்ச் ஓடுது. கையில கட்டலை, உள்ள, ஏதோ துணியில சுத்தி வெச்சிருக்கீங்க. சரிதானா? வார் அறுந்துடுச்சா? அப்புறம், தப்பா எடுத்துக்காதீங்க, நீங்க காலைல இருந்து ஒண்ணும் சாப்பிடலை. வயிறு பேசிக்கிட்டே இருக்கு. ஆறாவது மாடி லேப்ல ரத்தம் குடுக்கணும், அதானே? பாத்தீங்களா. இதுக்குத்தான் கம்பெனில எனக்கு பாம்புக்காதுன்னு பேர் வெச்சிருக்காங்க. சம்பளச் சீட்டுல மட்டும்தான் என் சொந்தப் பேர் இருக்கும்.

மூணு வருஷமா இப்படி. வரமா இருக்கேன்னு முதல்ல ஒரே சந்தோஷம். லிஃப்ட்டு வேலையில காதுதானே பாதி. ஒரு பேரிங் கெட்டுப்போக ஆரம்பிச்சா மூணு மாசம் முன்னாடியே எனக்குத் தெரிஞ்சுடும். இந்த லிஃப்ட்டுல கூட மூணு பேர் வந்து பாத்துட்டு உதட்டைப் பிதுக்கிட்டுப் போனாங்க. என்னமோ கீச்சுங்குது, எங்கன்னு தெரியலைன்னு. சூப்பர்வைசர் என்னை அனுப்பிட்டார். அதுக்குத்தான் பெட்டிக்குள்ள நின்னு, சுவத்துல காதை ஒட்டிக்கிட்டு, மேலயும் கீழயும் போய்க்கிட்டு இருந்தேன். நீங்க மூணாவது மாடியில ஏறிட்டீங்க.

போர்டா? கேளுங்க, கேக்க வேண்டியதுதான். லிஃப்ட்டுல வேலை நடக்குது, ஏறாதீங்கன்னு ஒவ்வொரு மாடியிலயும் போர்டு தொங்கணும். தொங்க விட்டேன். இரும்புச் சங்கிலி போட்ட தகரப் போர்டு அது. யாராவது நடந்து போனா ஆடுது, ஆடினா கதவுல இடிக்குது, டங்கு டங்குன்னு. நான் கீச்சைத் தேடுவேனா, டங்கைத் தாங்குவேனா? மூணாவது மாடி போர்டை மட்டும் கழட்டி சுவத்தோரம் கவுத்து வெச்சேன். ரெண்டே நிமிஷம்னு நினைச்சேன். அந்த ரெண்டு நிமிஷத்துல நீங்க வந்துட்டீங்க. தப்பு என்னோடதுதான். வெளிய போனதும் தாராளமா கம்ப்ளெயிண்ட் எழுதிக் குடுங்க.

உங்களுக்கு ரொம்ப வேர்க்குது. இருங்க, ஃபேனைப் போட்டுடுறேன். இல்ல இல்ல, பரவால்ல, தாங்கிக்குவேன். வெறும் வயித்துல நீங்க மயங்கி விழுந்துட்டா அப்புறம் யாரு யாரைப் பாக்குறது? ம்... போட்டாச்சு. காத்து வருதா? கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்கிறேன், வேற ஒண்ணுமில்ல. நான் பேசிக்கிட்டே இருக்கேன், அது எனக்கு உதவும். தொந்தரவா இல்லையே?

அக்கான்னு கூப்பிடவா? மேடம் மேடம்னா வாய் வலிக்குது. எங்க அக்காவுக்கும் உங்க வயசுதான் இருக்கும்.

அந்த பெல் ஏன் வேண்டாங்கிறேன்னு சொல்லிடுறேங்க்கா. காரணம் தெரியாம நீங்க என்னையும் அந்த பட்டனையும் மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டு இருக்கீங்க. எனக்கு வலிப்பு இருக்கு. இந்தக் காதும் அதுவும் ஒண்ணா வந்ததுங்க. மூளையில காதுக்கான இடம் ஒண்ணு இருக்காம், அங்கதான் கோளாறுன்னு டாக்டர் படம் போட்டுக் காட்டினார். திடீர்னு பெரிய சத்தம் கேட்டா கிளம்பிடும். முதல் தடவை வீட்டுல, வீட்டுக்காரி கை தவறி ஒரு தட்டு விழுந்துச்சு. தட்டும் விழுந்துச்சு, நானும் விழுந்தேன். அவ இன்னும் அதைத் தன் மேலயே போட்டுக்கிட்டு அழுவா. அந்த பெல் இந்தக் கூரைக்கு மேலதான் இருக்கு, நம்ம தலையில இருந்து ஒரு முழம். அது அடிச்சா நான் இங்கயே போயிடுவேன்.

அதனால எங்க வீடு எப்படி இருக்கும் தெரியுமா? எவர்சில்வர் பாத்திரம் எல்லாம் பரண்ல. பிளாஸ்டிக் தட்டு, மரக்கரண்டி. நாற்காலிக் கால்ல எல்லாம் பழைய சாக்ஸ். வர்ற சொந்தக்காரங்க, என்னடா இது, நாற்காலிக்குக் குளிருதான்னு கேலி பண்ணிட்டுப் போவாங்க. மிக்ஸி ஓடணும்னா நான் தெருமுனைக்குப் போயிடணும். எங்க பொண்ணுக்குப் பதினோரு வயசு. வாயைப் பொத்திக்கிட்டுத்தான் சிரிக்கும். யாரும் சொல்லிக் குடுக்கலை, தானாப் பழகிக்கிச்சு. போன மாசம் ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வரப் போனேன். கேட்டுக்கு வெளிய நிக்கும்போது உள்ள ஒரு பொண்ணு விழுந்து விழுந்து சிரிக்குது, அப்படி ஒரு சிரிப்பு, காது ரெண்டும் எரியுது எனக்கு. யாரு பெத்ததுடான்னு எட்டிப் பாத்தா என்னோடது. அந்தக் குரல் இருக்குன்னே எனக்குத் தெரியாதுக்கா. வலிச்சாலும் பரவால்லன்னு நின்னு கேட்டேன். என்னைப் பாத்ததும் கையைக் கொண்டுபோய் வாயில வெச்சுக்கிச்சு.

கம்பெனிக்கா? தெரியாது. தெரிஞ்சா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அவங்களைச் சொல்லியும் குத்தமில்ல, ஏழு மாடிப் பள்ளத்து மேல நின்னு வேலை செய்யறவனுக்கு வலிப்புன்னா யாரு வெச்சுக்குவா? என் ஜோடிக்கு மட்டும் தெரியும். பள்ளத்துப் பக்கம் என்னை விடவே மாட்டான், அந்த வேலையெல்லாம் அவனே செஞ்சுட்டு என் பேரையும் சேர்த்து எழுதிடுவான். மூணு வருஷத்துல என்னை ஒரு நிமிஷம் தனியா விட்டதில்ல. ஒண்ணுக்குப் போனாக்கூட வெளிய நின்னு விசிலடிச்சுக்கிட்டு இருப்பான், மெதுவா, எனக்கு வலிக்காத மாதிரி.

இன்னைக்கு மட்டும் ஏன் விட்டான்னு கேக்குறீங்களா? நான்தான் துரத்தினேன். அவன் சளி பிடிச்சு மூச்சு விடுறான், கீச்சு அதுக்குள்ள மறைஞ்சுபோகுது. வேற வேலைக்கு வேணும்னு ஒரு பார்ட்டு வாங்கிட்டு வாடான்னேன். நான் வர்ற வரைக்கும் பெட்டியில ஏறாதேன்னு ரெண்டு தடவை சொன்னான். தலையை ஆட்டினேன். அவன் பைக் தெருவைத் திரும்பற சத்தம் கேட்டதும் ஏறிட்டேன். அமைதி கிடைச்ச நேரத்துல வேலையை முடிச்சுடலாம்னு ஒரு பேராசை. கண்டும் பிடிச்சுட்டேன் தெரியுமா, நாலாவது மாடி கதவுப் பூட்டுல ஒரு சின்ன உருளை, அதான் தேஞ்சுபோய் கத்துது. கண்டுபிடிச்ச கையோட அதுவே நம்மளை நிறுத்திடுச்சு.

எவ்வளவு நேரம் ஆச்சு, போன்ல பாருங்க. பதினொரு நிமிஷமா? அப்ப இன்னும் ஒன்பது நிமிஷம். வந்துடுவான். அவன் பைக் எனக்கு ரெண்டு தெரு தள்ளியே கேக்கும், கேட்டதும் சொல்றேன்.

பயமாத்தான்க்கா இருக்கு. மறைக்கிறதுக்கு என்ன. பள்ளம் பயமில்ல, கயிறு பயமில்ல, பதினெட்டு வருஷமா அதுலதான் சோறு. எனக்கு என்னைத்தான் பயம். அடுத்த நிமிஷம் நான் இருப்பேனான்னு எனக்கே தெரியாது பாருங்க. அதைப் பழக முடியலை.

ஃபேனை நிறுத்தினதுக்கு நன்றிக்கா. எனக்காகப் பாவம் புழுக்கத்துல நிக்கிறீங்க. இப்பதான் தலை கொஞ்சம்...

நிறுத்தலையா?

ஓடுது. ஆமா, இறக்கை சுத்துது. உங்க முடி பறக்குது.

சரி. அக்கா, அந்த வாட்சை வெளிய எடுங்க. துணியைப் பிரிச்சு உங்க காதுல வெச்சுப் பாருங்க. ஓடுதா? தலையை மட்டும் ஆட்டுங்க, போதும். ஓடுது. சரி. சரி.

உங்க வாய் அசையுது, என்ன கேக்குறீங்கன்னு தெரியலை. கேக்காம நான் சொல்றதைக் கேட்டுக்கோங்க, நேரம் கொஞ்சம்தான் இருக்கும். மூணு நிமிஷம், நாலு நிமிஷம். வலிப்பு வர்றதுக்கு முன்னாடி ஒவ்வொரு சத்தமா அணைஞ்சுக்கிட்டே வரும் எனக்கு. சின்னது முதல்ல, பெருசு அப்புறம். கடைசியா என் குரல். ஏறினதுல இருந்து இவன் என்ன இப்படி ஓயாமப் பேசுறான்னு நினைச்சிருப்பீங்க. என் குரல் எனக்குக் கேக்குதான்னு பாத்துக்கிட்டு இருந்தேன், அவ்வளவுதான். மாத்திரை போட்டா காது மந்தமாயிடும்க்கா. அந்தக் கீச்சைப் பிடிக்கணும்னு நேத்தும் போடலை, இன்னைக்குக் காலையிலயும் போடலை. வீட்டுக்காரிகிட்ட போட்டுட்டேன்னு பொய் சொன்னேன். ஜோடிகிட்டயும்.

இந்தாங்க, இந்தக் கார்டைப் பிடிங்க. எங்க பொண்ணு எழுதினது, பிளாஸ்டிக் ஒட்டி சட்டைப்பையில வெச்சுவிட்டிருக்கு. அஞ்சு வரிதான். ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. தலைக்கு அடியில ஏதாவது மெத்துன்னு வைங்க, அந்த எண்ணெய்த் துணி போதும். வாயில எதையும் திணிக்காதீங்க. வாட்சைப் பாருங்க, அஞ்சு நிமிஷம் தாண்டினா ஆம்புலன்ஸ். அஞ்சாவது வரி அதுவே சேர்த்துக்கிச்சு. அப்பா கண்ணு முழிச்சதும் மெதுவா பேசுங்கன்னு.

பையைத் தள்ளி வைங்க, ஸ்பேனர் தலையில இடிக்கப்போகுது. நானே உக்காந்துக்கிறேன். அழாதீங்கக்கா, உங்க மேல விழமாட்டேன்.

இப்ப என் குரலும் போயிடுச்சு. கத்துறேனா? கத்தினா மன்னிச்சுக்கோங்க.

இனிமே பெல்லை அமுக்குங்க. ஆமா, அந்த மஞ்சள் பட்டன்தான். பயப்படாம அமுக்குங்க, இனிமே அது என்னை ஒண்ணும் பண்ணாது. கீழ வாட்ச்மேனுக்குக் கேக்கும், என் ஜோடி தெருவுக்குள்ள வந்திருந்தா அவனுக்கும் கேக்கும். விரலை எடுக்காதீங்க. நல்லா அடிக்குதா? நான் மாட்டின பெல்லுதான்க்கா அது.